பிளாஸ்திரிக்கு அடியில்

இழுக்கக் கூடாது, இழுத்தால் தோலும் கூடவே வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓரத்தில் இன்னொரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுகிறேன். எண்ணெய் யார் பேச்சையும் கேட்காது, தனக்குத் தோன்றும்போதுதான் உள்ளே போகும், அதுவரைக்கும் நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா உட்காருவது எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் நான், பொழுதுக்கும் மேசையைச் சுற்றி நடந்துகொண்டே இருக்கிற ஆள். வசந்தாமணி கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். தூங்குகிறாளா, தூங்குவது போல இருக்கிறாளா என்று இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. தலைக்கு மேலே மின்விசிறி கடகடக்கிறது, ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன், பக்கத்து அறையில் யாரோ தயிர்சாதப் பொட்டலம் பிரிக்கிறார்கள். நேற்று இவளுக்கு மருந்து ஏற்றுவதற்காக இடது கையில் ஊசி குத்தி, அது நகராமல் இருக்க மணிக்கட்டிலிருந்து மேலே வளைத்து வளைத்து ஒட்டினார்கள். காலையில் பார்த்தால் பிளாஸ்திரி ஓரமெல்லாம் செக்கச் செவேல் என்று தடித்து, சின்னச் சின்னக் கொப்புளம். ஊசியைக் கழற்றி வலது கைக்கு மாற்றி, அங்கே ஒட்டாமல் துணியைச் சுற்றிக் கட்டினாள் சிஸ்டர். இடது கைப் பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் உரிக்கப் போனவளை நான்தான் தடுத்தேன். எண்ணெய் மட்டும் கொடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வீட்டுக்காரம்மாவை நாங்கள் தொட்டால் கரைந்தா போய்விடுவார்கள் என்று கேலி பண்ணிவிட்டு எண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். கரைய மாட்டாள்தான். ஆனால் துணியை எங்கே இழுக்கலாம் எங்கே இழுக்கக் கூடாது என்று பழகின கைக்கு, மனுஷத் தோலை அப்படி வெடுக்கென்று இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஒரு நூல் அளவு கழன்றிருக்கிறது. அதன் அடியில் தோல் ஈரமாக, புதிதாக, கைக்குழந்தைத் தோல் மாதிரி இருக்கிறது.

நாளைக் காலையில் ஆபரேஷன். கர்ப்பப்பையில் கட்டி, பயப்படுகிற கட்டி இல்லை, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்ததால் நானும் தெம்பாகத்தான் வந்தேன். அந்தத் தெம்பு காலையில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா வரும்வரைக்கும் இருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து இவள் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தார். வெறும் பசை ஒத்துக்கொள்ளாததாகவும் இருக்கலாம் என்றார், அப்படியென்றால் தோலோடு போய்விடும், களிம்பு போதும். ஆனால் ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாத உடம்பாக இருந்தால் கதையே வேறு. நாங்கள் மாட்டுகிற கையுறை ரப்பர், அந்தக் கை வயிற்றுக்குள்ளே போனால் மூச்சு இறுகலாம், ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கலாம். முன்னாலேயே தெரிந்துவிட்டால் பெரிய பயமில்லை, ரப்பர் கலக்காத கையுறை இருக்கிறது, கோயமுத்தூரிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். தெரியாமல் உள்ளே போவதுதான் வம்பு. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வர நாளாகும், இவளுக்கு ஆகிற ரத்தப்போக்குக்கு அதுவரை தள்ளிப்போடவும் முடியாது. இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டு இவளிடம் கேட்க ஆரம்பித்தார். பலூன் ஊதினால் உதடு தடிக்குமா, ரப்பர் கையுறை போட்டால் அரிக்குமா, வாழைப்பழம், பப்பாளி சாப்பிட்டால் வாயில் அரிப்பு வருமா, ரப்பர் சேராதவர்களில் சிலருக்கு அதுவும் சேராது. இவள் எல்லாவற்றுக்கும் அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். இவளுக்குக் கை ஒடிந்து தொங்கினாலும் ஒண்ணுமில்லீங்கதான். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நீங்கள் சொல்லுங்கள் என்றார். தெரியலீங்க என்றேன். மத்தியானம் திரும்ப வருகிறேன், அதற்குள் யோசித்து வையுங்கள், உங்கள் வீட்டுக்காரம்மா சொல்ல மாட்டார் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது மத்தியானம். வெளியே செருப்புச் சத்தம் கேட்டாலே அவரோ என்று கதவைப் பார்க்கிறேன்.

வாழைப்பழம் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஊரில் யார் வீட்டில் இல்லை வாழைப்பழம். ஆனால் அந்த வார்த்தை விழுந்ததும் எனக்கு உள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்டது, அதற்கு மேல் நகரவே மாட்டேன் என்கிறது. தாலி கட்டி முடித்து வீட்டுக்கு வந்து பாயில் உட்கார வைத்து எங்களுக்குப் பாலும் பழமும் கொடுத்தார்கள். வெள்ளிக் கிண்ணத்தில் பால், தட்டில் உரித்த பூவன்பழம். மாப்பிள்ளை பழத்தைப் பாலில் தொட்டுப் பெண்ணுக்கு ஊட்ட வேண்டும். சுற்றிலும் சொந்தபந்தம், ஒறம்பரைக் கூட்டம், எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் வலது கையில் பழத்தை எடுத்தேன். வலது கை ஆட்காட்டி விரலின் நுனி எனக்குக் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னாலேயே கட்டிங் மெஷின் பிளேடு எடுத்துக்கொண்டுவிட்டது. ஆறி, மொட்டையாக, பார்க்கிறவர்கள் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்கிற மாதிரி இருக்கும். அந்தக் கையால் வேண்டாம், இடது கையால் கொடு என்று யாரும் சொல்லமாட்டார்கள், இடது கையால் ஊட்டுகிற வழக்கம் எங்கே இருக்கிறது. அந்த விரல் அவள் உதட்டுக்குப் பக்கத்தில் போனது. ஒரு கடி கடித்தாள். மறுபடி நீட்டினால் முகத்தை அப்படியே அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது, அழுகையை அடக்குகிறவள் போல உதடு பிதுங்கி நின்றது. அவள் அம்மா குனிந்து காதில் என்னவோ சொல்ல, அவள் சரி என்று தலையாட்டி மீதியையும் வாங்கி விழுங்கினாள். எங்கள் மயிலாத்தா அக்கா எனக்குப் பின்னாலிருந்து, "புள்ளைக்கு உன்ற மேல இஷ்டமில்லையாட்ட இருக்குதுடா" என்றது. அக்கா விளையாட்டாகத்தான் சொன்னது. சொன்னதை அது அன்றைக்குச் சாயங்காலமே மறந்திருக்கும். அப்போது எடுத்த போட்டோ எங்கள் கூடத்தில் தொங்குகிறது, வருகிற போகிற எல்லோரும் கல்யாணப் பொண்ணு ஏன் உம்மென்று இருக்கிறது என்று கேட்பார்கள், வசந்தாமணி சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நான் மட்டும் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் கூடக் கேட்டதில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு ஒரே வட்டிலில் சாப்பிடுவது.

எண்ணெய் இன்னும் கொஞ்சம் போயிருக்கிறது. நகத்தால் நெம்பாமல் விரலின் மொட்டை நுனியால் ஓரத்தைத் தள்ளுகிறேன், நகம் இல்லாத விரலுக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று யார் கண்டது. அரை அங்குலம் வந்துவிட்டது. எங்கள் மகள் தாரணி, கூடத்தில் தொங்குகிற அந்தப் போட்டோவைப் போனில் எடுத்து எங்கள் கல்யாண நாளுக்கு அனுப்பியிருந்தாளே, அது இருக்கும். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு தேடுகிறேன். எண்ணெய்க் கைக்குப் போன் மசியவில்லை, ஒருவழியாகக் கிடைத்தது. உதட்டைப் பெரிதாக்கினால் படம் புள்ளி புள்ளியாக உடைந்து போகிறது. வீங்கின உதடா, பிதுங்கின உதடா? சின்னதாக்கினால் அழுகிறாள். பெரிதாக்கினால் ஒன்றுமே தெரியவில்லை. போனை வைத்துவிடுகிறேன். பழனிக்குப் போனால் பஞ்சாமிர்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் கையில் வைத்துவிடுவாள், நீங்கள் சாப்பிடுங்கள் என்பாள். என்னோடு ஒரே தொன்னையில் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாமிக்கு வைத்த பழமெல்லாம் எனக்குத்தான், தின்று தின்று எனக்குத்தான் சர்க்கரை வந்தது. தாரணி முதல் பிறந்தநாளுக்கு அத்தனை பலூனையும் நான் ஒருத்தனே ஊதித் தலை சுற்றி உட்கார்ந்தேன், இவள் ஒன்றை வாயில் வைத்துவிட்டு எனக்கு வராது என்று நகர்ந்துவிட்டாள், அன்றைக்கு ஒறம்பரை முன்னால் அவளைக் கொஞ்சம் சிடுசிடுத்தேன். அந்தக் கையுறையை மட்டும் நினைக்கவே கூடாது என்றுதான் பார்க்கிறேன். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து இவள் விரலெல்லாம் வெடித்துக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், நானாக, யாரும் சொல்லாமல், புதுமார்க்கெட் வீதியில் ரோஸ் கலரில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக்கொண்டு வந்தேன். வாழ்க்கையில் நானாக வாங்கிக்கொண்டு வந்து கொடுத்த பொருள் என்றால் அது ஒன்றுதான். ரெண்டு நாள் மாட்டினாள். மூன்றாம் நாள் ஆணியில் தொங்கியது. கிழிஞ்சு போச்சுங்க என்றாள். நான் எடுத்து ஊதிப் பார்த்தேன், கிழியவில்லை. அதையும் பழத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டேன், நான் தொட்டது எதுவும் இவளுக்கு ஆகாது என்று.

இப்போது எல்லாமே மறுபுறம் திரும்பி நிற்கிறது, அதுதான் உட்கார முடியவில்லை. ரப்பர்தான் என்றால் கையுறையில் கை வீங்கியிருக்கும், பலூனில் உதடு அரித்திருக்கும், பூவன்பழத்தில் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும், என் விரலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படி இருக்க வேண்டும், கடவுளே, இவளுக்கு அது சேராத உடம்பாகவே இருக்க வேண்டும் என்று மனசு வேண்டிக்கொள்ள ஆரம்பித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எந்தப் புருஷனாவது பொண்டாட்டிக்கு வியாதி இருக்க வேண்டும் என்று வேண்டுவானா? மூச்சு இறுகும் என்றார். நாளைக்கு அந்தக் கதவுக்குள்ளே கொண்டுபோவார்கள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், உள்ளே யாரோ ஒருவர் கையுறையை மாட்டுவார். வியாதி இல்லை என்றால் இவள் பிழைத்துக்கொள்வாள், ஆனால் அன்றைக்கு என்னைப் பார்த்துத்தான் முகத்தைத் திருப்பினாள் என்று ஆகும். ஆகட்டுமே. ஆனால்தான் என்ன இப்போது? அதோடுதானே இத்தனை நாள் வாழ்ந்தேன், காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துக் கொடுத்தாள், எனக்கு மாத்திரை எடுத்து வைக்கிறாள், ஒரு குறையும் வைத்ததில்லை. பிடிக்காதவளாகவே இருந்துவிட்டுப் போகட்டும், மூச்சு நன்றாக இருந்தால் போதும். இல்லை, போதாது. பொய் சொல்கிறேன். எனக்கு ரெண்டும் வேண்டும். இவளும் வேண்டும், அந்தப் பழமும் வேண்டும். அதற்கு ஒரே வழி கேட்பதுதான். கேட்காமல் டாக்டரம்மாவிடம் நானாக, ஆமாங்க பழம் சேராது என்று சொல்லிவிட்டால் என்ன, கையுறை வந்துவிடும், உயிருக்குப் பயமில்லை, நான் எதையும் கேட்க வேண்டியதும் இல்லை. இந்த யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒண்ணுமில்லீங்க டாக்டர், அவருக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டால் அவர் யாரை நம்புவார்? உடம்பு இவளுடையது. சொல்ல வேண்டியவள் இவள். துணியில் ஒரு மடிப்பு விழுந்திருந்தால், தெரிந்தும் அதன் மேலேயே வெட்டினால் அடுக்கு மொத்தமும் பாழ், மடிப்பை நீவிவிட்டுத்தான் கத்தியை வைக்க வேண்டும் என்று புதுசாக வருகிற பையன்களுக்குக் கத்திக் கத்திச் சொல்கிறேனே. ஊருக்குத்தான் உபதேசம்.

இன்னும் ஒரு சொட்டு. தேங்காயெண்ணெய் வாசம் ஆஸ்பத்திரி டெட்டால் வாசத்தை மீறி வருகிறது, இவள் தலைவாரிக்கொள்கிற காலை நேரம் மாதிரி இருக்கிறது. கையை இத்தனை நேரம் இப்படிப் பிடித்துக்கொண்டு நான் எப்போது உட்கார்ந்தேன்? மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த பழைய வடு ஒன்று இருக்கிறது, இதை நான் பார்த்ததே இல்லை. வளையல் அதை மறைத்தே இருந்திருக்கும், வளையலையெல்லாம் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், நகர்ந்தால் சிணுங்குகிறது. கொப்புளத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுகிறேன். அவள் கை லேசாக இழுத்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் கண்ணைத் திறந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், எப்போதிலிருந்து பார்க்கிறாளோ.

"வலிக்குதா அம்மிணி?"

"ஒண்ணுமில்லீங்க."

அந்த ஒண்ணுமில்லீங்கவைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். பாலும் பழமும் கொடுத்த அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாயே, எதற்கு என்று. குரல் என் குரல் மாதிரியே இல்லை. அதை எதுக்குங்க இப்ப, என்றாள். இப்போதுதான் வேண்டும், நாளைக்கு உன்னை உள்ளே அனுப்ப வேண்டும், மறைக்காமல் சொல் என்றேன். அவள் கூரையைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். சின்ன வயதிலிருந்தே அந்தப் பழம் ஆகாதாம். வாயில் வைத்தால் நாக்கிலிருந்து தொண்டை வரைக்கும் அரித்து, உதடு தடித்துப் போகுமாம். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று முழித்தபோது அவள் அம்மா குனிந்து, வெளியே சொல்லிவிடாதே, சீக்குப் பிள்ளையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் பேசுவார்கள், ஒரு வாய்தான், முழுங்கிவிடு என்றதாம். அன்றைக்கு மறைத்ததை அப்புறம் எந்த நாளில் எடுத்துச் சொல்வது என்று தெரியாமல் அப்படியே போய்விட்டதாம். கையுறையும் அப்படித்தான், ரெண்டே நாளில் கை புசுபுசுவென்று வீங்கிவிட்டது, நீங்கள் ஆசையாக வாங்கிவந்ததை எப்படிக் குறை சொல்வது என்று கிழிந்துவிட்டது என்றாளாம். மடையன் நான், அதை ஊதிப் பார்த்தேன், அவள் கையைப் பார்க்கவில்லை.

"அவ்வளவு அரிச்சும் மீதியையும் எதுக்கு முழுங்குன?"

"நீங்க குடுத்தீங்களே."

பிளாஸ்திரி என் கண்ணுக்குத் தெரியவில்லை, எல்லாம் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைக்கலாம் என்றால் கையெல்லாம் எண்ணெய். தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டேன். அவள் பயந்துபோய் எழுந்திருக்கப் பார்த்தாள். என்னங்க, என்ன நெனச்சீங்க என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த மொட்டை விரலை மட்டும் அவளுக்கு முன்னால் தூக்கிக் காட்டினேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் துணி சுற்றின வலது கையால் அந்த விரலை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வெரலா? நீங்க பொண்ணு பாக்க வந்தன்னைக்கே நான் இதப் பாத்துட்டனுங்க. காபி டம்ளரை வாங்கறப்ப உள்ளங்கைக்குள்ள மடக்கி மடக்கி மறைச்சீங்க, காபி வேட்டில சிந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் எங்கம்மாகிட்டச் சரின்னு சொன்னேன்."

இத்தனை வருஷத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையாக, ஒவ்வொரு பழமாக, திரும்பப் போய் எல்லாவற்றையும் சரி பண்ண வேண்டும் போல இருந்தது. சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்த அதே நேரத்தில் பயமும் வந்தது. அப்படியென்றால் ரப்பராகவே இருக்கலாம், அப்படியென்றால் நாளைக்கு உள்ளே அந்தக் கை வரவே கூடாது. டாக்டரம்மா கேட்டால் ஒண்ணுமில்லீங்க என்று சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணு என்றேன். ஆளைப் பாரு என்றாள், ஆனால் விரலை விடவில்லை. எண்ணெயில் வழுக்க வழுக்கப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஊசி குத்தின கையை அசைக்காதே என்று நான் அதட்டியதும் கேட்கவில்லை. கடைசித் துண்டு பிளாஸ்திரி தானாகவே கழன்று படுக்கையில் விழுந்தது, நாங்கள் ரெண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. கதவு திறந்தது. டாக்டரம்மா உள்ளே வந்தார், கை இப்போது தேவலையே என்றார், யோசித்தீர்களா என்று என்னைக் கேட்டார். நான் எழுந்து நின்றேன். சேராதுங்க டாக்டர், வாழைப்பழம் சேராது, கையுறை போட்டாலும் வீங்குமுங்க, கோயமுத்தூருக்கு இப்பவே சொல்லீருங்க என்று மகள் பாஸான சேதி சொல்கிறவன் மாதிரி பல்லெல்லாம் தெரியச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு மாதிரியாக என்னைப் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து இப்படி என்று கட்டில் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தாமணி தலையணையில் நிமிர்ந்துகொண்டாள்.

"சின்னதுல இருந்தே அரிக்குமுங்க டாக்டர். ஒதடு நல்லா வீங்குனது கல்யாணத்தன்னைக்குத்தான். இவரு ஊட்டிவிட்டாருங்க, நான் முழுசையும் சாப்பிட்டுட்டேன்."